மேரி அக்காவின் ஃபைபர் கூட்டம்

அருள்மேரி அக்கா வேகமாகப் பேசுவார். அதற்குக் காரணம் விமானம். அவர் பிறந்து வளர்ந்தது பொழிச்சலூரில். அங்கே விமானம் தலைக்கு மேல் இறங்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசினால்கூடக் கேட்காது. அடுத்த விமானம் வருவதற்குள் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தாக வேண்டும். கல்யாணமாகி முடிச்சூருக்கு வந்து எத்தனையோ வருடங்கள் ஆகியும் அக்கா அந்த வேகத்தைக் குறைக்கவில்லை. லிஃப்டில் ஏறினால் மூன்றாவது மாடி வருவதற்குள் இரண்டு செய்தியும் ஒரு நகைச்சுவையும் சொல்வார். நகைச்சுவைக்குப் பெரும்பாலும் அவரே முதலில் சிரித்துவிடுவதால் அது என்னவென்று நமக்குத் தெரியாமலே போய்விடும். ஆனாலும் நாமும் சிரித்திருப்போம்.

அவருக்கு வேலை மேற்குத் தாம்பரத்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில். ஃபிரேமை எடுத்து வைத்துப் பார்த்து, "உங்களுக்கு வட்டம் வேணாம் சார், ஏற்கெனவே நிறைய வட்டம் இருக்கு" என்று சொல்லி, கோபப்பட வேண்டியவரைச் சிரிக்க வைத்து அனுப்புவார். கண்ணாடி வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னத் துணி கொடுப்பார்கள். அதைக் கொடுக்கும்போது அக்கா சொல்லும் வாசகம் மாறவே மாறாது. "இது மைக்ரோ ஃபைபர் துணி. இதாலதான் துடைக்கணும். வேட்டியால துடைக்கக் கூடாது." நாள் முழுக்க மைக்ரோ ஃபைபர், மைக்ரோ ஃபைபர் என்று சொல்லிச் சொல்லி, உப்பு புளி மாதிரி எல்லோருக்கும் தெரிந்த சொல் அது என்று அவர் நினைத்துவிட்டார். நடந்தது எல்லாவற்றுக்கும் அந்த நினைப்புதான் காரணம்.

ஆரம்பம் பொங்கல் டீ-ஷர்ட்டில். எங்கள் குடியிருப்பில் இருபத்து நான்கு வீடுகள். சங்கத்தின் செயலாளர் பக்தவச்சலம் சார். பொங்கல் விளையாட்டுப் போட்டிக்காக அவர் எல்லா வீட்டுக்கும் டீ-ஷர்ட் வாங்கினார். பாலியஸ்டர். ராணி கலர். "வேற கலர் இல்லயா சார்?" என்று கேட்டவர்களிடம், "இதுதான் கூட்டத்துல தொலைஞ்சு போனா கண்டுபிடிக்க வசதி" என்றார். அந்த நிறத்தைப் போட்டுக்கொண்டு தொலையவும் முடியாது, ஒளியவும் முடியாது.

அக்காவின் கணவர் ஆல்வின் அண்ணனுக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. டீ-ஷர்ட்டோடு சேர்த்துத் துவைத்த அவருடைய கறுப்பு சாக்ஸில் ராணி கலர் பிசிறு அப்பிக்கொண்டு வந்தது. அக்கா அதில் கொஞ்சத்தைக் கிள்ளி எடுத்துப்போய், கடையில் கண்ணாடிச் சில்லைச் சோதிக்கும் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். நூலுக்குள் நூலாக, முடியைவிட மெல்லிய இழைகள் பின்னிக் கிடந்தன. அன்று ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பும் வழியெல்லாம் கைபேசியில் படித்துக்கொண்டே வந்தார். பாலியஸ்டர் என்பது பிளாஸ்டிக்தான். ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் மைக்ரோ ஃபைபர் எனப்படும் இப்படிப்பட்ட இழைகள் ஏராளமாக உதிர்ந்து தண்ணீரோடு போகின்றன. அவை லேசில் மட்குவதில்லை. ஆற்றுக்குப் போய், கடலுக்குப் போய், மீன் வயிற்றுக்கும் போகின்றன.

"என்னங்க," என்றார் வீட்டுக்குள் நுழைந்ததும், "போன வாரம் வச்ச வஞ்சிரக் குழம்புல உங்க டீ-ஷர்ட் இருந்திருக்கலாம்."

"அதான் ஒரு மாதிரி டைட்டா இருந்துச்சு" என்றார் ஆல்வின் அண்ணன்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சட்டம் மாறியது. மெஷின் நிறைந்தால்தான் துவைப்பு. சுடுதண்ணீர் கிடையாது. சீக்கிரம் முடியும் சுற்று மட்டும். அழுக்கில்லாத துணியைச் சும்மா சும்மா போடக் கூடாது. மெஷினிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாயின் வாயில் நெருக்கமான வலைத்துணியைப் பையாகத் தைத்துக் கட்டினார். பையில் சேரும் பிசிறைக் கழுவி விடாமல் வழித்து ஒரு டப்பாவில் சேர்த்துவைத்தார்.

"மேரி, என் ஜீன்ஸ் தானாவே எழுந்து நிக்குது" என்று ஆல்வின் அண்ணன் முறையிட்டார்.

"நிக்கட்டுமே. ஞாயித்துக்கிழமை ஆனா நீங்கதான் படுத்தே கிடக்கறீங்க, அதாவது நிக்கட்டும்."

ஒரு வீடு மட்டும் மாறினால் போதாது என்பது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் கட்டடத்தில் எல்லா வாஷிங் மெஷின் தண்ணீரும் ஒரே பெரிய குழாயில் இறங்கித் தரைக்கு வந்து, வாசல் வடிகாலில் விழுந்து, அடையாற்றுப் பக்கம் போய்விடும். அந்தக் குழாயின் அடியில் ஒரு நீல டிரம் வைத்து, அதற்குள் வலைப் பையைத் தொங்கவிட்டால் அத்தனை வீட்டுப் பிசிறையும் ஒரே இடத்தில் பிடித்துவிடலாம். டிரம்மும் தயார். பையும் தைத்தாயிற்று. ஆனால் கார் நிறுத்த வசதியாக அந்த இடத்தை முழுக்கக் கான்கிரீட் போட்டு மூடுவதென்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. வேலை திங்கள்கிழமை. மூடிவிட்டால் டிரம் வைக்க இடமே இருக்காது.

அக்கா பக்தவச்சலம் சாரிடம் ஓடினார்.

"ஐடியா நல்லாதான் இருக்கும்மா. ஆனா பொதுக் குழாய்ல கை வைக்கணும்னா பொதுக்குழு தீர்மானம் வேணும். பொதுக்குழுவுக்குப் பதினாறு வீடு வரணும். அதான் கோரம். நான் செக்ரட்டரி ஆகி ஆறு வருஷம் ஆச்சு. ஒரு தடவைகூடக் கோரம் வந்ததில்ல."

அவர் சொன்னது உண்மை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவரும் பொருளாளரும் பார்க்கிங் சண்டை போட ஒருவரும்தான் வருவார்கள். எங்கள் வாட்ச்மேன் துளசிங்கம் அண்ணனுக்கே இது புரிவதில்லை. "சார் எப்பப் பாத்தாலும் கோரம் இல்ல, கோரம் இல்லன்னு பொலம்பிகினு கீறாரு. கோரம் இல்லன்னா நல்லதுதானே?" என்று கேட்பார்.

அக்காவுக்கு இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலை வேலைக்குப் போகிற அவசரத்தில் ஓர் அறிவிப்பு எழுதி லிஃப்டில் ஒட்டினார். அதையே படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார்.

"நம் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தினமும் மைக்ரோ ஃபைபர் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. இதை உடனே நிறுத்தியாக வேண்டும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் பொதுக்குழு. வராதவர்கள் சம்மதித்ததாகக் கருதப்படும்."

கடைசி வரி அக்காவுடையது அல்ல. சங்கத்து அறிவிப்புகளில் பக்தவச்சலம் சார் வழக்கமாகச் சேர்க்கும் வரி. இத்தனை வருடங்களில் அதை யாரும் மதித்ததே இல்லை.

எங்கள் குடியிருப்பில் ஃபைபர் என்றால் ஒன்றுதான். இன்டர்நெட். அது வந்த நாளிலிருந்து பாதி வீடுகளில் ஆபீஸே அதற்குள்தான் நடக்கிறது. இரண்டாவது மாடி ஷ்யாம்சுந்தர் அண்ணன் அறிவிப்பைப் படித்துவிட்டு லிஃப்டிலிருந்து இறங்காமலே மேலேயும் கீழேயும் இரண்டு தடவை போய் வந்தார். கதவு திறந்தபோது துளசிங்கம் அண்ணன் நின்றிருந்தார்.

"இன்னா சார், நெட்டு கட்டாமே?"

"யாருண்ணா சொன்னா?"

"நீங்கதான் சார் இப்ப மூஞ்சில சொல்லிகினு வர்றீங்க."

மத்தியானத்துக்குள் செய்தி நாலு விதமாகக் கிளை விட்டது. நம் இன்டர்நெட்டைப் பக்கத்துக் குடியிருப்பு திருடுகிறது என்றார் ஒருவர். திங்கள்கிழமை கான்கிரீட்டுக்காகக் கேபிளை அறுக்கப் போகிறார்கள் என்றார் இன்னொருவர். தரைத்தளத்தில் இருக்கும் கங்கையம்மாள் அக்காவுக்கோ இன்டர்நெட்டைப் பற்றிக் கவலையே இல்லை. அவர் குளியலறையில் போட்டிருந்தது ஃபைபர் கதவு. "போன மாசந்தான் மாட்னேன். அத்த வந்து கழட்டுவாங்களாமா? கழட்டிப் பாக்கட்டும்" என்று வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் மாடியில் ஒருவருக்கு டாக்டர் ஃபைபர் நிறைய சாப்பிடச் சொல்லியிருந்தார். அது வெளியே போகிற விஷயமெல்லாம் கூட்டம் போட்டுப் பேசுவதா என்று அவர் சங்கடப்பட்டார்.

வாட்ஸ்அப் குழு கொதித்தது. கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் அதைப் பார்த்த அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து ஆல்வின் அண்ணனுக்குப் படித்துக் காட்டினார்.

"பாருங்க, எல்லாரும் வர்றாங்களாம். நம்ம ஆளுங்களுக்கு ஆத்து மேல இவ்ளோ பாசமா? 'இது வாழ்வா சாவா பிரச்சினை'ன்னு ஒருத்தர் போட்டிருக்காரு."

"ஷ்யாம் என்ன எழுதியிருக்கான்?"

"'ஃபைபர் இல்லன்னா என் வேலையே போயிடும்'னு." அக்கா யோசித்தார். "அவன் பனியன் கம்பெனியிலயா வேலை பாக்குறான்?"

"ஐடின்னுதான் சொன்னாங்க."

"கம்ப்யூட்டருக்குப் பனியன் தைக்கறாங்களோ என்னவோ" என்று சொல்லி அக்கா சிரித்த சிரிப்பில் ஆல்வின் அண்ணனுக்குக் காப்பி புரையேறியது.

ஞாயிறு மாலை. மொட்டை மாடியில் நாற்காலி போதவில்லை. வருகைப் பதிவில் பதினாறாவது கையெழுத்து விழுந்ததும் பக்தவச்சலம் சார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், வேட்டியால்தான். "கோரம் வந்துடுச்சு" என்று மெதுவாகச் சொன்னார். பிறகும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஷ்யாம்சுந்தர் அண்ணன் மடிக்கணினியோடு வந்திருந்தார். கங்கையம்மாள் அக்கா வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

மேசையில் தேநீர், மிக்சர், வாழைக்காய் பஜ்ஜி. பக்கத்திலேயே ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் அக்கா சாட்சிப் பொருளை வைத்திருந்தார். ஒரு மாதமாக வீட்டு வலைப் பையில் சேர்ந்த பிசிறு. டீ-ஷர்ட்தான் அதிகம் உதிர்ந்ததால் அது மெத்து மெத்தென்று ராணி கலரில் இருந்தது.

அக்கா எழுந்தார். "எல்லாரும் வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம். வாஷிங் மெஷின்ல இருந்து ஃபைபர் போறது..."

"ஒரு நிமிஷம்கா," என்றார் ஷ்யாம்சுந்தர் அண்ணன். "வாஷிங் மெஷினுக்கு எதுக்கு ஃபைபர் கனெக்‌ஷன்?"

"கனெக்‌ஷன் இல்லப்பா, துணி."

"துணி எப்படி நெட்டை இழுக்கும்?"

"இழுக்காது, உதிரும்."

"நெட் உதிருமா?"

அக்கா அவரையே பார்த்தார். அவரும் அக்காவையே பார்த்தார். மொட்டை மாடியே இருவரையும் பார்த்தது. ஆல்வின் அண்ணன்தான் முதலில் புரிந்துகொண்டார். "மேரி," என்றார், "இவங்க இன்டர்நெட்டுக்காக வந்திருக்காங்க."

"என் கதவுக்காக வந்தேன் நானு" என்றார் கங்கையம்மாள் அக்கா.

அக்காவுக்கு முகம் ஒரு கணம் வாடியது. அடுத்த கணம் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். சிரிப்புக்கு நடுவே விஷயத்தைச் சொல்லி முடித்தார். துணி, பிசிறு, ஆறு, டிரம், நாளைக்குக் கான்கிரீட். நெட் போகாது, கதவு போகாது என்று தெரிந்ததும் எல்லோருக்கும் நிம்மதி. நிம்மதி வந்தால் நம் ஆட்கள் செய்வது ஒன்றுதான். எழுந்தார்கள். ஒருவர் பஜ்ஜியைக் கையில் எடுத்துக்கொண்டே மாடிப்படியைப் பார்த்து நடந்தார். அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. இவர்கள் இறங்கிவிட்டால் கோரம் போய்விடும். கோரம் போனால் டிரம்மும் போய்விடும்.

பக்தவச்சலம் சார் பாய்ந்துபோய் மாடிக்கதவை மறித்துக்கொண்டார். "யாரும் போகக் கூடாது சார். ஆறு வருஷத்துல வந்த ஒரே கோரம் இது. ஏதாவது ஒரு தீர்மானம் போட்டுட்டுத்தான் போகணும். என்ன தீர்மானம்னாலும் சரி."

"வழிவிடுங்க சார், மேட்ச் இருக்கு."

"அஞ்சே நிமிஷம். டீ சாப்பிடுங்க. இந்தாங்க, ஸ்வீட்டும் இருக்கு." ஒருவரை இழுத்து உட்கார வைத்த கையோடு, மேசையிலிருந்த கிண்ணத்திலிருந்து தானும் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவருக்குச் சர்க்கரை வியாதி. மனைவி ஊரில் இல்லாத நாள். பஞ்சு மிட்டாயைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது.

"சார்," என்று அக்கா கத்துவதற்குள் அது உள்ளே போயிருந்தது.

சார் மென்றார். மீண்டும் மென்றார். "இனிக்கவே இல்லயே. சுகர் ஃப்ரீயா, மேரி?"

"சார், துப்புங்க. அது டீ-ஷர்ட்."

"எது?"

"நீங்க வாங்கிக் கொடுத்த பொங்கல் டீ-ஷர்ட் சார். துவைச்சப்ப உதிர்ந்தது."

சார் துப்பினார், வாயைக் கொப்பளித்தார், நாக்கிலிருந்து ஓர் இழையை விரலால் உருவினார். அது வந்துகொண்டே இருந்தது. மொட்டை மாடி வெடித்தது. மேட்சுக்குக் கிளம்பியவர் பஜ்ஜியோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஷ்யாம்சுந்தர் அண்ணன் மடிக்கணினியால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். கிண்ணம் கைமாறிக் கைமாறிப் போனது. எல்லோருக்கும் அந்த நிறம் தெரியும். எல்லோர் வீட்டுக் கொடியிலும் அது தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு வீட்ல, ஒரு மாசத்துல இவ்வளவு," என்றார் அக்கா. "மத்தது எல்லாம் ஆத்துக்குப் போயிடுச்சு. 2015-ல ஆறு கேக்காம நம்ம வீட்டுக்குள்ள வந்துச்சு, மறந்திருக்க மாட்டீங்க. நாமளும் டெய்லி கேக்காமதான் அது வீட்டுக்கு இதை அனுப்பிக்கிட்டிருக்கோம்."

கிண்ணம் கங்கையம்மாள் அக்காவிடம் வந்தது. அவர் சிரிக்கவில்லை. அந்த வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர் அவர்.

"எல்லாம் செரி மேரி. உன் பை அடச்சிக்கிச்சுன்னா? மாடியில கீறவங்களுக்கு இன்னா? தண்ணி ஏறினா என் வூட்டுக்குள்ளதான் வரும்."

சிரிப்பு அடங்கிவிட்டது. தரைத்தளத்து வீடுகள் எல்லாமே தலையாட்டின. உண்மையான கேள்வி இதுதான் என்று எல்லோருக்கும் புரிந்தது.

அக்கா முதல்முறையாக மெதுவாகப் பேசினார். "அடைக்கும்கா. கட்டாயம் அடைக்கும். அதுக்குத்தான் டிரம்முல மேல இன்னொரு பைப். பை அடைச்சா தண்ணி உசரும், அந்தப் பைப் வழியா எப்பவும் போற மாதிரி வடிகாலுக்கே போயிடும். அன்னிக்குப் பிசிறு தப்பிச்சிடும். ஆனா உங்க வாசப்படிக்கு வராது."

"வந்தா?"

"வந்தா நீங்களே டிரம்மைத் தூக்கிப் போடுங்க. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

கங்கையம்மாள் அக்கா கிண்ணத்தை அப்படியும் இப்படியும் திருப்பினார். "பையை யாரு கழுவுறது?"

"நான்."

"நீ ஊருக்குப் போனா?" என்று கேட்டுவிட்டு அவரே திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். "வாரத்துக்கு ஒரு மாடின்னு எழுதிக்கோ செக்ரட்டரி சார். அப்பத்தான் நான் கை தூக்குவேன்."

சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுதினார். பிறகு நிமிர்ந்து, "ஃபைபர்னு எழுதலாமா?" என்றார்.

"வேணாம்" என்று மொட்டை மாடி ஒரே குரலில் சொன்னது. பிசிறு என்று எழுதப்பட்டது. கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது. மூன்று மாதச் சோதனை, தரைத்தளம் சொன்னால் உடனே நிறுத்தம்.

மறுநாள் காலை கான்கிரீட் போட மாரி மேஸ்திரி வந்தார். அக்கா கடைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு அவர் தலைமாட்டிலேயே நின்றார்.

"இன்னாக்கா இது, நடுவுல இவ்ளோ பெரிய ஓட்டை உடச் சொல்றீங்க?"

"பிசிறு பிடிக்க."

"சளி புடிக்கிற மாரியா?"

"அதே மாதிரிதான். இது மெஷினுக்குப் பிடிக்கிற சளி."

சதுரமாக இடம் விட்டு அவர் சுற்றிலும் பூசி முடித்தார். ஈரக் கான்கிரீட்டின் மேல் பலகை போட்டு நடந்து, நீல டிரம்மைப் பள்ளத்தில் இறக்கினார்கள். ஆல்வின் அண்ணன் விடுப்பு போட்டுவிட்டு வந்து மேல் குழாயைப் பொருத்தினார். வலைப் பை தொங்கியது. கங்கையம்மாள் அக்கா சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு தன் வாசலில் காவல் நின்றார்.

"யாராவது ஒருத்தர் மெஷினைப் போடுங்க" என்று அக்கா மேலே பார்த்துச் சொன்னார்.

தவறு அங்கேதான் நடந்தது. தன் வீட்டுத் தண்ணீர்தான் முதலில் விழ வேண்டும் என்று எல்லா மாடியிலும் ஆசை. முக்கால் மணி நேரம் கழித்து ஆறேழு வீட்டு மெஷின்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தண்ணீரை வெளியே தள்ளின. குழாய் உறுமியது. நுரையும் தண்ணீருமாகக் கொட்டியதில் முன்னால் குனிந்து நின்ற அக்கா தலையிலிருந்து கால்வரை நனைந்தார். டிரம்மில் தண்ணீர் ஏறியது. பாதி. முக்கால். அக்கா கண்ணில் வழிந்த சோப்புத் தண்ணீரைத் துடைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்புக்கு நாலு விரல் கீழே தண்ணீர் மேல் குழாயைத் தொட்டு, அதன் வழியாகச் சலசலவென்று வடிகாலுக்குள் இறங்கியது. டிரம்மின் விளிம்பைத் தாண்டி ஒரு சொட்டுகூட வழியவில்லை.

கங்கையம்மாள் அக்கா வாசற்படியை விட்டு இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். மெஷின்கள் ஓய, தண்ணீர் மெல்ல வற்றியது. பையின் அடியில் கைப்பிடி அளவுக்கு ராணி கலர், நீலம், சாம்பல் எல்லாம் கலந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"போவுது" என்றார். பிறகு தலையை நிமிர்த்தி மூன்று மாடிக்கும் கேட்கும்படி சொன்னார். "ஒவ்வொருத்தரா போடுங்க. நம்ம வூட்டு மெஷினு இன்னும் ஓடல."